ஹைட்ரஜன் குளோரைடைவிட ஹைட்ரஜன் அயோடைடு ஏன் அதிக வெப்பத்தில் கொதிக்கிறது? எந்த விசையை முதலில் பார்ப்பது?

பிளஸ்ஒன்_வேதியியல் கேட்டது:

வணக்கம். மூலக்கூறுகளுக்கு இடையேயான விசைகளை நடத்தும்போது ஹைட்ரஜன் பிணைப்பு, இருமுனை–இருமுனை விசை, லண்டன் விசை (எலக்ட்ரான்கள் கணநேரம் ஒரு பக்கம் ஒதுங்குவதால் எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே எழும் ஈர்ப்பு) என்று வலிமையின் இறங்கு வரிசையில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். அடுத்த கணக்கிலேயே அந்த வரிசை இடிக்கிறது.

ஹைட்ரஜன் குளோரைடின் இருமுனை திருப்புத்திறன் (மூலக்கூறில் மின்னூட்டம் எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்பதன் அளவு) 1.08 டிபை. புரோமைடுக்கு 0.8, அயோடைடுக்கு 0.44தான். வரிசைப்படி பார்த்தால் குளோரைடுதான் அதிக வெப்பத்தில் கொதிக்க வேண்டும். ஆனால் கொதிநிலைகள் முறையே –85, –67, –35 டிகிரி செல்சியஸ். நேர் தலைகீழ்.

"மோலார் நிறை கூடினால் கொதிநிலை கூடும்" என்று சொல்லிச் சமாளிக்கலாம். அது சரியான காரணமா, மனப்பாடத்துக்கான குறுக்கு வழியா? தேர்வில் நான்கு சேர்மங்களைக் கொடுத்துக் கொதிநிலை வரிசை கேட்டால் மாணவர்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

---

மோல்_கணக்கு பதில்:

அந்த இறங்கு வரிசையில்தான் சிக்கல். ஏறத்தாழ ஒரே அளவுள்ள சிறிய மூலக்கூறுகளை ஒப்பிடும்போது மட்டுமே அது பொருந்தும். அந்த நிபந்தனையைச் சொல்லாமல் விட்டால், லண்டன் விசை எப்போதும் ஒதுக்கித் தள்ளக்கூடிய ஒன்று என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலான மூலக்கூறுகளில் மொத்த ஈர்ப்பின் பெரும்பங்கு அதுதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், ஒரு பக்கத்துக்குள் முடியும். இரண்டு மூலக்கூறுகளின் மையங்களுக்கு இடையே 4 ஆங்ஸ்ட்ராம் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். 1930-இல் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் லண்டன் தந்த சமன்பாட்டின்படி, ஒரே வகை மூலக்கூறுகள் இரண்டுக்கு இடையே உள்ள சிதறல் ஆற்றல் (லண்டன் விசையின் ஆற்றல்) = முக்கால் × அயனியாக்கும் ஆற்றல் × முனைவுறும் திறனின் வர்க்கம் ÷ தொலைவின் ஆறாம் அடுக்கு. முனைவுறும் திறன் என்பது எலக்ட்ரான் முகில் எவ்வளவு எளிதில் உருக்குலையும் என்பதன் அளவு; அதைக் கன ஆங்ஸ்ட்ராமிலும் அயனியாக்கும் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டிலும் போட்டால் விடை எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். அதை 96.5-ஆல் பெருக்கினால் கிலோஜூல்/மோல்.

ஹைட்ரஜன் குளோரைடு: அயனியாக்கும் ஆற்றல் 12.75, முனைவுறும் திறன் 2.63. எனவே 0.75 × 12.75 × 2.63 × 2.63 = 66. நான்கின் ஆறாம் அடுக்கு 4096. வகுத்தால் 0.0161 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 1.56 கிலோஜூல்/மோல்.

நிலையான இருமுனைகள் சுழன்றபடியே ஒன்றையொன்று இழுக்கும் ஆற்றலுக்குக் கீசம் சமன்பாடு: மூன்றில் இரண்டு பங்கு × இருமுனை திருப்புத்திறனின் நான்காம் அடுக்கு ÷ (போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை × தொலைவின் ஆறாம் அடுக்கு). 298 கெல்வினில் இது 0.32 கிலோஜூல்/மோல். ஒரு மூலக்கூறின் இருமுனை பக்கத்து மூலக்கூறில் தூண்டும் இருமுனையின் பங்கு (டிபை ஆற்றல்) 0.09. மூன்றையும் கூட்டினால் 1.97. அதில் லண்டன் விசையின் பங்கு 79 விழுக்காடு. முனைவுள்ள மூலக்கூறு என்று நாம் உதாரணம் காட்டும் ஹைட்ரஜன் குளோரைடிலேயே இந்த நிலை.

இதே தொலைவில் ஹைட்ரஜன் அயோடைடு: அயனியாக்கும் ஆற்றல் 10.4, முனைவுறும் திறன் 5.4. லண்டன் பங்கு 5.36, கீசம் பங்கு 0.01, டிபை பங்கு 0.03. ஏறத்தாழ 99 விழுக்காடு லண்டன் விசையே.

"அயோடின் பெரிய அணுவாயிற்றே, மூலக்கூறுகள் அவ்வளவு நெருங்குமா?" என்று ஒரு மாணவராவது கேட்க வேண்டும். நியாயமான கேள்வி. தொலைவை 4.3 ஆங்ஸ்ட்ராமாக்கிப் பாருங்கள். ஆறாம் அடுக்கு என்பதால் ஆற்றல் 1.54 மடங்கு குறைந்து 3.5-க்கு வரும். அப்போதும் குளோரைடின் மொத்தத்தைவிட அதிகம். முனைவுறும் திறன் வர்க்கமாக நிற்பதுதான் காரணம்: அது இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. இருமுனை திருப்புத்திறன் நான்காம் அடுக்கு என்பதால் 1.08 டிபையிலிருந்து 0.44-க்கு இறங்கும்போது கீசம் பங்கு 36 மடங்கு சரிகிறது. ஆனால் சரிவதற்கு அங்கே இருந்ததே கொஞ்சம்தான்.

ஓர் எச்சரிக்கை. கீசம் சமன்பாடு தாராளமாகச் சுழலும் மூலக்கூறுகளுக்கானது. குளிரக் குளிர இருமுனைகள் சீராக அணிவகுக்கும், அவற்றின் பங்கு கூடும். ஹைட்ரஜன் குளோரைடு கொதிக்கும் 188 கெல்வினைப் போட்டால் கீசம் பங்கு 0.51 ஆகிறது, லண்டன் பங்கு 72 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. எண்கள் தோராயமானவை, ஆனால் எது பெரியது என்பது மாறவில்லை.

---

கந்தகம்16 பதில்:

மோலார் நிறை பற்றி. அது காரணமே இல்லை, காரணத்தோடு பெரும்பாலும் கூடவே வருவது. நிறை கூடும்போது வழக்கமாக எலக்ட்ரான்களும் கூடுகின்றன, எலக்ட்ரான் முகில் பெருக்கிறது, எளிதில் உருக்குலைகிறது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் உதாரணங்களை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

ஹெக்சேனின் மோலார் நிறை 86, கொதிநிலை 69 டிகிரி. அதன் ஹைட்ரஜன் அத்தனையையும் ஃபுளூரினாக மாற்றிய பெர்ஃபுளூரோஹெக்சேனின் மோலார் நிறை 338. ஏறத்தாழ நான்கு மடங்கு கனம். கொதிநிலையோ 57-ஐ ஒட்டி, ஹெக்சேனைவிடக் குறைவு! ஃபுளூரின் தன் எலக்ட்ரான்களை அணுக்கருவோடு இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதால் முகில் அசைந்து கொடுப்பதில்லை. டங்ஸ்டன் ஹெக்சாஃபுளூரைடு இன்னும் அப்பட்டமானது: மோலார் நிறை 298, கொதிநிலை 17 டிகிரி. நம் ஊர் அறை வெப்பநிலையில் வாயு.

மறுபக்கம், எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றாமல் நிறையை மட்டும் கூட்டிப் பார்க்கலாம். கனநீர் சாதாரண நீரைவிட 11 விழுக்காடு கனம், ஆனால் கொதிநிலை 101.4 டிகிரிதான்.

எலக்ட்ரான் எண்ணிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. இந்தத் தலைப்புக்கு என்னைக் கேட்டால் 18 எலக்ட்ரான் வரிசையைவிடச் சிறந்த பாடம் இல்லை. கீழே உள்ள எல்லாவற்றிலும் மூலக்கூறுக்குச் சரியாக 18 எலக்ட்ரான்கள். கொதிநிலை டிகிரி செல்சியஸில்:

ஃபுளூரின் –188
ஆர்கான் –186
ஈத்தேன் –89
பாஸ்பீன் –88
ஹைட்ரஜன் குளோரைடு –85
மெத்தில் ஃபுளூரைடு –78
ஹைட்ரஜன் சல்பைடு –60
மெத்தனால் 65
ஹைட்ரசீன் 114
ஹைட்ரஜன் பெராக்சைடு 150

ஃபுளூரினும் ஈத்தேனும் முனைவற்றவை, எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே, ஆனாலும் 99 டிகிரி வித்தியாசம். அது முழுக்க முனைவுறும் திறனின் வேலை. ஈத்தேனிலிருந்து மெத்தில் ஃபுளூரைடுக்குப் போனால் சுழியத்திலிருந்து 1.85 டிபை வரை இருமுனை வந்துவிடுகிறது, ஆனால் கொதிநிலை ஏறுவது 11 டிகிரிதான். (ஃபுளூரின் உள்ளே வந்ததில் முனைவுறும் திறன் கொஞ்சம் குறைந்துவிட்டது, அதனால் இருமுனை சேர்த்த ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கே போய்விட்டது.) மெத்தனாலுக்கு வந்ததும் ஒரே தாவலில் 143 டிகிரி. ஆக்சிஜனோடு இணைந்த ஹைட்ரஜன் இருப்பதன், அதாவது ஹைட்ரஜன் பிணைப்பின், விளைவு அது. பெராக்சைடில் அப்படி இரண்டு.

இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதி, ஒவ்வொரு தாவலுக்கும் காரணத்தை மாணவர்களையே சொல்ல வையுங்கள். விசைகளின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

---

பிளஸ்ஒன்_வேதியியல்:

மிகத் தெளிவு, இருவருக்கும் நன்றி. தொடர்ந்து மூன்று ஐயங்கள். ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்பு எப்போதும் வெல்லுமா? இரண்டு, இதே காரணங்களை உருகுநிலைக்கும் சொல்லலாமா? மூன்று, வாண்டர் வால்ஸ் சமன்பாட்டில் வரும் 'ஏ' மாறிலி ஈர்ப்பு விசையின் அளவு என்கிறோம். பட்டியலில் நீருக்கு 5.54, கார்பன் டெட்ராகுளோரைடுக்கு 20.0 என்று இருக்கிறது. நீரைவிடக் கார்பன் டெட்ராகுளோரைடில் ஈர்ப்பு நான்கு மடங்கா?

---

ஆய்வகம்_எண்3 பதில்:

முதல் ஐயத்துக்கு: வெல்லாது. டெக்கேனில் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுகூட இல்லை, 174 டிகிரியில் கொதிக்கிறது. நீர் 100-லேயே கொதித்துவிடுகிறது. அயோடினில் லண்டன் விசை மட்டும்தான், ஆனால் அறை வெப்பநிலையில் திண்மம். ஒரு தொடுபுள்ளியில் லண்டன் விசை சிறியது. தொடும் பரப்பு நீள நீள அது கூடிக்கொண்டே போகிறது.

ஹைட்ரஜன் பிணைப்பில் வலிமையோடு எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் ஃபுளூரைடின் ஒற்றைப் பிணைப்பு நீரினுடையதைவிட வலிமையானது. ஆனால் கொதிநிலை 19.5 டிகிரி. அதில் ஒவ்வொரு மூலக்கூறும் கொடுக்க ஒரே ஹைட்ரஜன்தான், எனவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கூட்டாளிகள். நீர் மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜனைக் கொடுத்து, இரண்டு தனி இணைகளில் வாங்கி, நான்கு பக்கமும் பின்னிக்கொள்கிறது. இன்னொரு காரணம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது: ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஆவியான பிறகும் ஆறு மூலக்கூறுகள் வரை வளையமாகச் சேர்ந்தே இருக்கக்கூடியது. எல்லாப் பிணைப்பையும் அறுத்துக்கொண்டு மேலே போக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

"நீர் கொதிக்கும்போது ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு உடைகிறது" என்று விடைத்தாள்களில் வரும் பிழைக்கு இரண்டு எண்கள் போதும். ஆவியாதல் வெப்பம் 40.7 கிலோஜூல்/மோல். ஒரே ஓர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பை உடைக்க 463. கொதிக்கும் கெண்டியில் அது நடக்க வழியில்லை.

பிணைப்பு எங்கே உருவாகிறது என்பதும் முக்கியம். ஆர்த்தோ நைட்ரோபீனாலில் ஹைட்ராக்சில் தொகுதி பக்கத்திலேயே இருக்கும் நைட்ரோ தொகுதியோடு தனக்குள்ளேயே பிணைந்துகொள்கிறது, அடுத்த மூலக்கூறுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. கொதிநிலை 216. இரு தொகுதிகளும் வளையத்தில் எதிரெதிரே இருக்கும் பாராவில் அந்த வாய்ப்பு இல்லை, மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன, கொதிநிலை 279. பீனாலை நைட்ரோ ஏற்றம் செய்து கிடைக்கும் கலவையை நீராவியால் காய்ச்சி வடித்தால் ஆர்த்தோ மட்டும் மஞ்சள் எண்ணெயாக மேலேறி வரும், பாரா குடுவையிலேயே தங்கும். செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்த்தோவின் உருகுநிலை 45 டிகிரி. குளிர்விப்பானில் குளிர்நீர் வேகமாக ஓடினால் அது உள்ளேயே உறைந்து குழாயை அடைத்துவிடும். மஞ்சள் படிகம் ஒட்டத் தொடங்கியதுமே குளிர்நீரைச் சற்று நேரம் குறைத்துவிட்டால் உருகி இறங்கிவிடும். அடைப்பைக் கவனிக்காமல் நீராவியைத் தொடர்ந்து விட்டால் குடுவைக்குள் அழுத்தம் ஏறும், ஆபத்து.

---

கந்தகம்16 பதில்:

உருகுநிலைக்கு இதே காரணங்களை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். கொதிக்க மூலக்கூறுகள் விலக வேண்டும். உருகப் படிகத்தின் அடுக்கு குலைய வேண்டும், ஆகவே வடிவம் எவ்வளவு கச்சிதமாக அடுக்கில் பொருந்துகிறது என்பது புகுந்துகொள்கிறது.

பென்டேன் 36, ஐசோபென்டேன் 28, நியோபென்டேன் 9.5. இவை கொதிநிலைகள். கிளை கூடக்கூடத் தொடும் பரப்பு சுருங்குகிறது, ஒழுங்காக இறங்குகிறது. உருகுநிலைகளைப் பாருங்கள்: –130, –160, –17. உருண்டை வடிவ நியோபென்டேன் அடுக்கில் அழகாக உட்கார்ந்துகொள்வதால் மற்ற இரண்டையும் எங்கோ விட்டுவிட்டு மேலே போய்விட்டது.

1,2-டைகுளோரோ எத்தீனிலும் இதே கதை. குளோரின்கள் ஒரே பக்கம் இருக்கும் சிஸ் வடிவத்துக்கு 1.9 டிபை இருமுனை உண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் டிரான்ஸுக்குச் சுழியம். கொதிநிலை சிஸ் 60, டிரான்ஸ் 48, எதிர்பார்த்தபடியே. உருகுநிலை சிஸ் –81, டிரான்ஸ் –50. சீர்மை ஜெயித்துவிட்டது. டைகுளோரோ பென்சீனிலும் பாரா 53 டிகிரியில் உருகும் திண்மம் (அந்துருண்டையாக விற்கப்படுவதில் இதுவும் ஒன்று), ஆர்த்தோ –17. கொதிநிலையில் மட்டும் ஆர்த்தோ 180, பாரா 174.

---

மோல்_கணக்கு பதில்:

மூன்றாவது ஐயம். 'ஏ' மாறிலியை நேருக்கு நேர் ஒப்பிடுவதுதான் பிழை. அது ஒரு மோல் மூலக்கூறுகளின் மொத்த ஈர்ப்பு, மூலக்கூறின் பருமன் கூடினாலே தானாகக் கூடும். பருமனைக் குறிக்கும் 'பி' மாறிலியால் அதை வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

நீர்: 5.54 ÷ 0.0305 = 182
கார்பன் டெட்ராகுளோரைடு: 20.0 ÷ 0.128 = 156
அம்மோனியா: 4.23 ÷ 0.0371 = 114
ஹீலியம்: 0.0346 ÷ 0.0238 = 1.45

எண்கள் லிட்டர், பார், மோல் அலகுகளில். இப்போது நீர் மேலே வந்துவிட்டது பாருங்கள். இந்த வகுத்த விடையோடு 8/27-ஐப் பெருக்கி வாயு மாறிலி 0.0831-ஆல் வகுத்தால் நிலைமாறு வெப்பநிலையே (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) கிடைத்துவிடும்: நீருக்கு 647 கெல்வின், கார்பன் டெட்ராகுளோரைடுக்கு 556, ஹீலியத்துக்கு 5.2. புத்தகப் பட்டியலில் 'ஏ' லிட்டர்–வளிமண்டல அலகில் இருந்தால் வாயு மாறிலியை 0.0821 என்று மாற்ற மறக்காதீர்கள். இரண்டு அலகையும் கலந்துவிட்டால் விடை ஒரு விழுக்காட்டுக்கு மேல் தள்ளிப்போகும், எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பதும் கடினம்.

தேர்வு வரிசைக்கு வருகிறேன். முதலில் மூலக்கூறின் அளவையும் முகில் எவ்வளவு தளர்வானது என்பதையும் பாருங்கள். அதில் பெரிய வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே விடை. குளோரோபார்முக்கு இருமுனை உண்டு, 61 டிகிரியில் கொதிக்கிறது. இருமுனையே இல்லாத கார்பன் டெட்ராகுளோரைடு 77-இல் கொதிக்கிறது, ஒரு குளோரின் கூடுதல். அளவு ஒத்துப்போனால் மட்டும் இருமுனைக்கு வாருங்கள். பியூட்டேன், அசிட்டோன், 1-புரொப்பனால் மூன்றும் 58 முதல் 60 வரை மோலார் நிறை கொண்டவை. கொதிநிலை –0.5, 56, 97. இங்கே மட்டும் நீங்கள் கரும்பலகையில் எழுதும் வரிசை அச்சு அசலாகப் பொருந்தும். ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு என்று கண்டால் எத்தனை, வெளியேயா உள்ளேயா என்று கேட்டுவிட்டு முடிவுக்கு வரலாம். ஐசோமர்களாக இருந்தால் கிளைகளை எண்ணுங்கள்.

---

பிளஸ்ஒன்_வேதியியல்:

'பி'-ஆல் வகுக்கும் வழி இனி என் குறிப்பில் நிரந்தரம். கடைசியாக ஒன்று: இதை ஒரே பாடவேளையில் செய்து காட்டும்படி ஏதாவது சோதனை உண்டா? பள்ளி ஆய்வகத்தில் எத்தனால், 1-பியூட்டனால், ஹெக்சேன், அசிட்டோன் இருக்கின்றன.

---

ஆய்வகம்_எண்3 பதில்:

இருப்பதே போதும். தெர்மாமீட்டர் குமிழைச் சுற்றி 2.5 சென்டிமீட்டர் சதுர வடிதாளை ஒற்றைச் சுற்றாகச் சுற்றி, சிறிய ரப்பர் வளையம் போடுங்கள். சோதனைக் குழாய்களில் ஒவ்வொரு திரவத்திலும் 5 மில்லிலிட்டர். குமிழை அதில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, வெப்பநிலை நிலைத்ததும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து, குமிழ் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கையாக வைத்து 15 விநாடிக்கு ஒருமுறை நான்கு நிமிடம் வரை படியுங்கள். தொடக்க வெப்பநிலையிலிருந்து மிகக் குறைந்த அளவு வரை எவ்வளவு இறங்கியது என்பதுதான் நமக்கு வேண்டிய எண்.

25 டிகிரியில் ஆவி அழுத்தம் அசிட்டோனுக்கு ஏறத்தாழ 31 கிலோபாஸ்கல், ஹெக்சேனுக்கு 20, எத்தனாலுக்கு 8, 1-பியூட்டனாலுக்கு 1-க்கும் கீழே. முதல் இரண்டும் கிடுகிடுவென இறங்கும், பியூட்டனால் அசையவே யோசிக்கும்.

இங்கே ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "ஈர்ப்பு வலுவாக இருந்தால் ஆவியாக அதிக வெப்பம் எடுக்குமே, அப்படியானால் பியூட்டனால்தானே அதிகம் குளிர வேண்டும்?" ஒரு மோலுக்கு அது எடுக்கும் வெப்பம் அதிகம்தான், 25 டிகிரியில் 52 கிலோஜூல். ஹெக்சேனுக்கு 32. ஆனால் தப்பிக்கப் போதுமான ஆற்றல் பெற்ற மூலக்கூறுகளின் எண்ணிக்கை அடுக்குக்குறி முறையில் சரிகிறது. வெப்பத் தேவை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், ஆவியாகும் வேகமோ பல மடங்கு குறைவு. வேகம் ஜெயிக்கிறது.

தவறு நடக்கும் இடங்கள்: மின்விசிறி ஓடினால் எல்லா எண்ணும் கெடும், நிறுத்திவிடுங்கள். வடிதாள் இரண்டு சுற்றானால் உள்சுற்றின் திரவம் மெதுவாக வந்துகொண்டே இருக்கும், மிகக் குறைந்த அளவு தள்ளிப்போகும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளின்மேல் நீராகப் படியும், படியும்போது வெப்பத்தை விடும், ஆகவே இறக்கம் குறைவாகத் தெரியும். எத்தனாலும் அசிட்டோனும் அந்த நீரைக் கலந்துகொள்வதால் அவற்றின் ஆவியாதல் பாதியிலேயே மந்தமாகும். சென்னையில் கிடைத்த எண்களை ஓசூர் பள்ளியின் எண்களோடு ஒப்பிடாதீர்கள், ஒரே அறையில் ஒரே நேரத்தில் எடுத்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். எத்தனால் என்ற பெயரில் ஆய்வகத்தில் இருப்பது 95 விழுக்காடு சாராயமாக இருக்கலாம், புட்டியைப் பாருங்கள்.

எரியும் சுடர் எதுவும் அறையில் வேண்டாம், சன்னல்கள் திறந்திருக்கட்டும். மெத்தனாலைச் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள், அதன் ஆவியும் தோல் வழியே ஊறுவதும் நஞ்சு.

எலக்ட்ரான் எண்ணிக்கை சரியாகப் பொருந்தும் இணை வேண்டுமானால் பென்டேனும் 1-பியூட்டனாலும்தான் (இரண்டிலும் 42). ஆனால் பென்டேனின் கொதிநிலை 36 டிகிரி. மே மாத வெயிலில் ஆய்வக அறையே அதைத் தொட்டுவிடும், மூடியைத் திறக்கும்போதே ஆவி பீறிடும். 50 எலக்ட்ரான் உள்ள ஹெக்சேனே போதும்: எலக்ட்ரான் கூடுதலாக இருந்தும் அதன் கொதிநிலை பியூட்டனாலைவிட 49 டிகிரி குறைவு என்பது ஹைட்ரஜன் பிணைப்பை இன்னும் அழுத்தமாகக் காட்டும்.